இரண்டு வருஷத்துல, சிஸ்டர்

2023 டிசம்பர் 31, இரவு ஆராதனை. பன்னிரண்டு மணி தாண்டியதும் ஒருவருக்கொருவர் கை குலுக்கி முடித்தோம். வழக்கம்போல வாக்குத்தத்த அட்டைக் கூடை, புது வருஷத்துக்கு ஆளுக்கொரு வேத வசனம் எடுத்துக்கொள்ள, வரிசை வரிசையாக வந்தது. கண்ணை மூடிக் கையை விட்டு ஒன்றை எடுத்தேன். எரேமியா 29:11. ‘நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு’ என்று தொடங்கும் வசனம். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. நான் எதிர்பார்த்திருந்த முடிவு எது என்பதில் எனக்குத் துளி சந்தேகமும் இல்லை. கணக்குப் பிரிவு மேலாளர் பதவி.

சிங்கப்பூரில் நான் வேலை செய்த நிறுவனத்தில் அப்போது எனக்குப் பதினான்காவது ஆண்டு. 2022 மார்ச்சில் பழைய மேலாளர் விலகியபோது அவருடைய வேலையை என் தலையில் கட்டினார்கள். பதவியும் சம்பளமும் கூடவே வரவில்லை. என் இயக்குநர் தமிழர், அவரும் ஆலயத்துக்குப் போகிறவர். தன் அறைக் கதவைச் சாத்திவிட்டு, “ரெண்டு வருஷத்துல அந்த நாற்காலி உங்களுக்குத்தான், சிஸ்டர். பொறுப்புப் படியும் போட்டுத் தரச் சொல்றேன். நானும் ஜெபத்துல வச்சிருக்கேன்” என்றார். வேறு யாராவது சொல்லியிருந்தால் எழுதிக் கொடுங்கள் என்று கேட்டிருப்பேனோ என்னவோ. ஜெபத்தில் வைத்திருக்கிறேன் என்று சொல்கிறவரிடம் எழுதிக் கேட்பது அவிசுவாசம் மாதிரி பட்டது.

இரண்டு வருஷம் முடிய மூன்று மாதம் இருக்கும்போது அந்த அட்டை கைக்கு வந்தது. அப்புறம் நான் செய்ததை நினைத்தால் இன்றைக்கும் காது சூடாகிறது. ஜனவரியில் ஒரு ஞாயிறு சாட்சி நேரத்தில் எழுந்து, ‘கர்த்தர் என்னை மேலாளராக உயர்த்தப் போகிறார், முன்கூட்டியே நன்றி சொல்கிறேன்’ என்று ஒலிவாங்கியில் சொல்லிவிட்டேன். சபை முழுக்க ஸ்தோத்திரம் சொன்னது. பக்கத்தில் இருந்த என் கணவர் மட்டும் தன் காலணியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏப்ரலில் மேலாளர் வந்தார். வெளியிலிருந்து, வேறு ஒருவர். அவருக்கு வேலையைச் சொல்லிக் கொடுக்கும் பொறுப்பு எனக்கு. நான்கு மாதம் சொல்லிக் கொடுத்தேன். ஆகஸ்ட்டில் எங்கள் பிரிவின் பாதி வேலையை வெளிநாட்டு மையம் ஒன்றுக்கு மாற்றுவதாக முடிவாகி, ஐந்து பேருக்கு ஆட்குறைப்புக் கடிதம் கொடுத்தார்கள். என் பெயர் இரண்டாவது. இயக்குநர் அன்றைக்கு ‘வெளியே கூட்டத்தில்’ இருந்தார். மின்தூக்கி திறந்தபோது உள்ளே நின்றவர் என்னைப் பார்த்ததும் கைபேசியைக் காதில் வைத்துக்கொண்டார். அதன் திரை இருட்டாக இருந்தது.

அன்று இரவு ஈசூன் வீட்டில், பிள்ளை தூங்கிய பிறகு, இரண்டரை வருஷ மின்னஞ்சல்களையும் வாட்ஸ்அப் செய்திகளையும் துழாவினேன். பொறுப்புப் படி பற்றி ஒரு வரி, பதவி பற்றி ஒரு வரி, ஏதாவது ஒன்று அகப்படுமா என்று. அகப்பட்டது ஒன்றே ஒன்று. 2023 ஜூனில் ‘சார், உறுதிப்படுத்துவது எப்போது என்று தெரிந்தால் நல்லது’ என்று நான் அனுப்பிய செய்திக்கு அவருடைய பதில். கூப்பிய கை படம் ஒன்று. எனக்குத் தரப்பட்ட வாக்குறுதிக்கு உலகத்தில் இருக்கும் ஒரே எழுத்து ஆதாரம் அதுதான்.

ஆகவே முதல் பாடத்தை ஆவிக்குரிய பூச்சு எதுவும் இல்லாமல் சொல்லிவிடுகிறேன். யாராவது உங்களிடம் வாயால் ஒன்று சொன்னால், அன்று மாலையே ஒரு மின்னஞ்சல் போடுங்கள். ‘இன்று பேசியதற்கு நன்றி. நான் புரிந்துகொண்டது இது: இந்தப் பொறுப்பு, இந்தத் தேதியிலிருந்து, இவ்வளவு படி, இதற்கு ஒப்புதல் தர வேண்டியவர் இன்னார். தவறிருந்தால் திருத்துங்கள்.’ நான்கு வரி போதும். சிங்கப்பூரில் 2016 ஏப்ரலிலிருந்து முக்கிய வேலை நிபந்தனைகளை முதலாளி எழுத்தில் கொடுத்தாக வேண்டும், வேலையில் சேர்ந்த 14 நாளுக்குள். சேரும்போது அதை வாங்கிப் பத்திரப்படுத்துகிறோம். பிறகு வேலை மாறுகிறது, பொறுப்பு மாறுகிறது, தாள் மட்டும் பழையதாகவே இருக்கிறது. மின்னஞ்சல் கேட்பதால் விசுவாசம் குறைந்துவிடாது. எரேமியாவே 32ஆம் அதிகாரத்தில் நிலம் வாங்கும்போது பத்திரம் எழுதி, சாட்சி வைத்து, கெடாமல் இருக்க மண்பாண்டத்தில் போட்டு வைக்கச் சொல்கிறார். பதினேழு சேக்கல் நிலத்துக்கு அவ்வளவு ஜாக்கிரதை!

ஆட்குறைப்புக் கடிதத்தில் அன்றே கையெழுத்துப் போடச் சொன்னார்கள். நான் போடவில்லை, இரண்டு நாள் கேட்டேன். அதைத் துணிச்சல் என்று சொல்ல முடியாது. கை நடுங்கியது, அவ்வளவுதான். ஆனால் அந்த இரண்டு நாள் உதவியது. ஆட்குறைப்பு இழப்பீடு இங்கே சட்டப்படி கட்டாயமில்லை, ஒப்பந்தத்தையும் பேச்சுவார்த்தையையும் பொறுத்தது. இரண்டு ஆண்டாவது வேலை செய்தவர்கள் கேட்கலாம். அரசாங்கம், முதலாளிகள், தொழிற்சங்கம் மூன்றும் சேர்ந்து வெளியிட்ட முத்தரப்பு ஆலோசனைக் குறிப்பு சொல்லும் வழக்கம் ஓராண்டுச் சேவைக்கு இரண்டு வாரத்திலிருந்து ஒரு மாதச் சம்பளம் வரை. எனக்குக் கிடைத்தது இரண்டு வாரக் கணக்கு. எடுக்காத வருடாந்திர விடுப்பு ஒன்பது நாளைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. ஒப்பந்தத்தின் அந்தப் பிரிவைக் குறிப்பிட்டு எழுதினேன், மறுபேச்சில்லாமல் சேர்த்தார்கள். அவர்கள் மறுத்திருந்தால் அடுத்து வேலைத் தகராறுகளைக் கவனிக்கும், டாடெம் என்று சுருக்கமாகச் சொல்லும் முத்தரப்பு அமைப்பிடம் போயிருப்பேன். முதலில் அங்கே சமரசம் பேச வேண்டும், அதில் தீராவிட்டால்தான் 2017ல் வந்த வேலை உரிமைகோரல் நடுவர் மன்றம். வேலையை விட்டவர்கள் ஆறு மாதத்துக்குள் போக வேண்டும் என்பதை மறக்க வேண்டாம். துக்கத்தில் ஆறு மாதம் போவதே தெரியாது. பொறுப்புப் படிக்கு நான் எங்கும் போகவில்லை. கூப்பிய கையை எந்த மன்றத்தில் காட்டுவது?

இதெல்லாம் தாள் விஷயம். மனசு விஷயம் வேறு மாதிரி போனது.

எனக்கு இயக்குநர் மேல் இருந்த கோபத்தைவிடக் கர்த்தர் மேல் இருந்த கோபம் அதிகம். மனுஷன் வாக்கு மாறுவான், தெரிந்ததுதான். கூடையில் இருந்து அந்த அட்டையை என் கையில் கொடுத்தது யார்? நான் கேட்டேனா? சபைக்குப் போவது கஷ்டமாக இருந்தது. ஒருவர் வந்து, “சிஸ்டர், இதைவிடப் பெருசா ஒண்ணு வச்சிருக்கார்” என்றார். இன்னொருவர், நான் சாட்சி சொல்லும்போது பெருமை வந்துவிட்டதோ என்று ஆராயச் சொன்னார். முதலாமவரைவிட இரண்டாமவர் சொன்னதில் கொஞ்சம் உண்மை இருந்தது என்பது வேறு கதை. ஆனால் வேலை போன மூன்றாம் வாரம் அதைச் சொல்லும் நேரமல்ல. யாருக்காவது வேலை போய்விட்டால் வசனம் அனுப்புவதற்கு முன்னால் ஒரு கோப்பி வாங்கிக் கொடுங்கள். வீடுகளில் கூடி ஜெபிக்கும் எங்கள் செல் குழுவிலிருந்து ஒரு அக்கா வந்தார், ஒன்றுமே பேசவில்லை, என் வீட்டுத் துணியை மடித்துக் கொடுத்துவிட்டுப் போனார். அவரை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

அக்டோபரில் பூகிஸ் பக்கம் ஒரு நேர்முகத் தேர்வு. பதினைந்து நிமிடத்தில் அனுப்பிவிட்டார்கள். உடனே வீட்டுக்குப் போகப் பிடிக்காமல் நடந்தேன். ஓஃபிர் சாலையில் லூர்து அன்னை ஆலயம் திறந்திருந்தது. 1888ல் தமிழ்க் கத்தோலிக்கர்களுக்காகக் கட்டி முடித்த கோயில். நான் அந்தச் சபையில்லை, ஆனால் என் தோழி ஒருத்தி அங்கேதான் போகிறாள். வார நாள் மத்தியானம், காற்றாடிச் சத்தம் மட்டும். கடைசி வரிசையில் உட்கார்ந்து கைபேசியில் வேதாகமத்தின் சங்கீதங்களைத் தள்ளிக்கொண்டே போய் 88ல் நின்றேன். அதை அதுவரை முழுக்க வாசித்ததில்லை. மற்றப் புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் கடைசியில் ‘ஆனாலும் நான் உம்மைத் துதிப்பேன்’ என்று திரும்பிவிடும். இது திரும்புவதே இல்லை. நண்பர்களைத் தூரமாக்கினீர், தெரிந்தவர்கள் மறைந்துபோனார்கள் என்று அப்படியே இருட்டில் முடிகிறது. அலுவலக வாட்ஸ்அப் குழுவிலிருந்து என்னை நீக்கியது ஞாபகம் வந்தது.

ஆறுதல் என்று சொல்வதா தெரியவில்லை. ஆனால் வேதத்தில் இப்படி ஒரு ஜெபத்துக்கு இடம் இருக்கிறது, அதை யாரும் திருத்தி நல்ல முடிவு போடவில்லை என்பது எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது. அன்றிலிருந்து ஒரு மாதம் போல அந்த ஒரு சங்கீதத்தை வைத்துத்தான் ஜெபித்தேன். ‘விசுவாசத்தோடு’ ஜெபிக்க முடியாதவர்களுக்கு இதைச் சொல்லி வைக்கிறேன்.

பிறகுதான் அந்த அட்டைப் பக்கம் போகத் தைரியம் வந்தது. ஒரு வசனத்தை மட்டும் எடுக்காமல் 27ஆம் அதிகாரத்திலிருந்து வாசித்தேன். 28ல் அனனியா என்று ஒரு தீர்க்கதரிசி வருகிறான். பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போன ஜனமும் ஆலயப் பாத்திரங்களும் திரும்பி வரும் என்று சொல்கிறான். எத்தனை நாளில்? இரண்டு வருஷத்தில்! எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கர்த்தர் சொல்கிறார் என்று சொல்லியே சொல்கிறான், ஆலயத்தில் வைத்து, எல்லார் முன்னாலும். பாபிலோனுக்கு அடங்கியிருக்க வேண்டும் என்பதற்கு அடையாளமாக எரேமியாவின் கழுத்தில் இருந்த நுகத்தைப் பிடுங்கி உடைத்துக் காட்டுகிறான். ஜனத்துக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்திருக்கும். எரேமியாவும் முதலில் ‘ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக’ என்கிறார். அவருக்கும் அது பிடித்துத்தான் இருந்திருக்க வேண்டும். (அனனியா அந்த வருஷமே செத்துப்போகிறான். என் இயக்குநர் நலமாக இருக்கிறார். இருக்கட்டும்.)

அதற்கு அடுத்த அதிகாரம்தான் என் அட்டை வந்த இடம். அது சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம். இரண்டு வருஷம் இல்லை, எழுபது வருஷம் என்று பத்தாம் வசனத்தில் இருக்கிறது. அதை யாரும் அட்டையில் அச்சடிப்பதில்லை. கடிதம் கேட்டவர்களில் பாதிப் பேர் ஊர் திரும்பியிருக்கமாட்டார்கள். அவர்களுக்குத்தான் வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், அதன் பலனைச் சாப்பிடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள், நீங்கள் இருக்கும் அந்தப் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள் என்று சொல்லியிருக்கிறது. நாம் விரும்பாத ஊரில், நாம் கேட்காத வேலையில் உட்கார்ந்து இன்றைக்குச் செய்ய வேண்டியதைச் செய்யுங்கள் என்பதுதான் அந்த வாக்குத்தத்தத்தின் முன்பாதி.

தோழியிடம் சொன்னபோது வேறு மொழிபெயர்ப்பான தன் திருவிவிலியத்தை எடுத்துப் பார்த்தாள். அதில் ‘எதிர்பார்த்திருக்கும் முடிவு’ இல்லை. வளமான எதிர்காலம், நம்பிக்கை என்று இருந்தது. “உன் வேதாகமம் உன்னை ஏமாத்திடுச்சுடி” என்று சிரித்தாள். இல்லை, ஏமாற்றவில்லை. நான்தான் இயக்குநரின் பேச்சை எடுத்துக் கர்த்தரின் கையெழுத்தை அதன் கீழே போட்டுக்கொண்டேன். அவர் சொன்ன இரண்டு வருஷத்துக்குக் கர்த்தர் ஜாமீன் நிற்கவே இல்லை. இது புரிந்தபோது கோபம் ஒரே நாளில் போய்விடவில்லை. ஆனால் இரண்டாகப் பிரிந்தது. ஒருவர் மேல் இருக்க வேண்டியது அவர் மேல் போனது, மற்றவரோடு மறுபடி பேச முடிந்தது.

இயக்குநரை மன்னித்துவிட்டேனா என்று கேட்பார்கள். ஒரு ஞாயிறு தேக்கா சந்தையில் மீன் கடை முன்னால் நேருக்கு நேர் வந்துவிட்டார். ஓட இடமில்லை. “நான் மேல சொன்னேன் சிஸ்டர், அவங்க கேக்கல” என்றார். உண்மையா பொய்யா தெரியாது. பார்வோனின் பானபாத்திரக்காரன் சிறையில் தனக்கு உதவிய யோசேப்பை மறந்தான் என்று ஆதியாகமத்தில் வருகிறதே, அவன் திட்டம் போட்டு மறக்கவில்லை. தன் வேலை திரும்பக் கிடைத்த சந்தோஷத்தில், அதைக் காப்பாற்றிக்கொள்ளும் பயத்தில் மறந்தான் என்றுதான் நினைக்கிறேன். யோசேப்புக்கும் அதற்கப்புறம் சிறையில் இரண்டு வருஷம்தான்! நான் இயக்குநரிடம் பாறை மீன் இன்றைக்கு நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொன்னேன். அதற்கு மேல் அன்று என்னால் முடியவில்லை. அதை மன்னிப்பில் சேர்ப்பதா என்று நீங்களே சொல்லுங்கள்.

பணம் பற்றியும் சொல்ல வேண்டும். இழப்பீட்டுத் தொகைக்குத் தசமபாகம், அதாவது பத்தில் ஒரு பங்கு, சபைக்குக் கொடுப்பதா என்று எனக்கும் கணவருக்கும் இரண்டு நாள் வாக்குவாதம். அவர் பேருந்து ஓட்டுகிறார், அந்தச் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. கடைசியில் ஒரு பகுதி கொடுத்தோம், மீதியை ஒன்பது மாதச் செலவாகப் பிரித்து வேறு கணக்கில் போட்டோம். இதில் எல்லாருக்கும் ஒரே விதி கிடையாது. ஆனால் பயத்தில் கொடுக்காதீர்கள். கொடுத்தால் வேலை கிடைக்கும் என்று பேரம் பேசியும் கொடுக்காதீர்கள். நான் முன்பு அப்படிக் கொடுத்தவள்தான்.

40 வயது தாண்டிய குடிமக்களுக்கு 2024 மே மாதம் திறன் பயிற்சிக்கான ஸ்கில்ஸ்ஃபியூச்சர் கணக்கில் 4,000 வெள்ளி கூடுதலாகப் போட்டிருந்தார்கள். அதில் சம்பளப் பட்டியல் பற்றிய வகுப்பு ஒன்று படித்தேன். வகுப்பில் பாதிப் பேர் என்னைப் போல ஆட்குறைப்பில் வந்தவர்கள். இடைவேளையில் பேசியது பாடத்தைவிட உபயோகமாக இருந்தது. 2025 மார்ச்சில் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் கணக்கு வேலை கிடைத்தது. பழைய சம்பளம் 4,900, இது 3,900. மேலாளர் பதவி இல்லை. வேலை இழந்தோருக்கு ஆறு மாதத்தில் 6,000 வெள்ளி வரை தரும் அரசாங்க ஆதரவுத் திட்டம் அதற்கு அடுத்த மாதம், ஏப்ரலில் தொடங்கியது. எனக்கு எப்போதுமே நேரம் இப்படித்தான். இப்போது வேலை தேடுகிறவர்கள் அதை விசாரித்துப் பாருங்கள், தேடும் முயற்சியைக் காட்ட வேண்டும், முந்தைய வருமானத்துக்கும் வரம்பு உண்டு.

அந்த வேலை கிடைப்பதற்கு முந்தைய டிசம்பர் 31ஐச் சொல்லாமல் விட்டால் இந்தக் கதை முடியாது. மறுபடி இரவு ஆராதனை, மறுபடி கூடை. நான் எடுக்கமாட்டேன் என்று முடிவோடு போயிருந்தேன். கூடை வந்ததும் என் மகன் எனக்கும் சேர்த்து ஒன்றை எடுத்துவிட்டான். நெகேமியா 8:10. கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பதே உங்களுடைய பெலன். எனக்கு எரிச்சலாக வந்தது.

“அம்மா, முழு அதிகாரமும் வாசிக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க?” என்றான். சரி, வீட்டுக்கு வந்து விடிகாலை ஒன்றரை மணிக்குச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து வாசித்தோம். கணவர் முறை வந்தபோது நான்காம் வசனம். மத்தித்தியா, செமா, அனாயா, உரியா, இல்க்கியா, மாசெயா என்று பெயர்ப் பட்டியல். ஒவ்வொரு பெயரையும் பேருந்து நிறுத்தம் அறிவிப்பது மாதிரி நிறுத்தி நிறுத்தி வாசித்தார். மகன் மேசையில் தலையை வைத்துச் சிரித்தான். எனக்கும் அடக்க முடியவில்லை. ஐந்து மாதத்தில் அந்த வீட்டில் அப்படிச் சிரித்தது அன்றுதான்.

பத்தாம் வசனத்துக்கு வந்தோம். அங்கே ஜனம் அழுதுகொண்டிருக்கிறது. அவர்களிடம்தான் அந்த வார்த்தை சொல்லப்படுகிறது. அதுவும் வெறுமனே மகிழுங்கள் என்றில்லை. போய் நல்லதாகச் சாப்பிடுங்கள், இனிப்பாகக் குடியுங்கள், ஒன்றுமில்லாதவர்களுக்குப் பங்கு அனுப்புங்கள் என்றிருக்கிறது.

“நம்ம வீட்லதானே ஒண்ணும் இல்ல?” என்றேன்.

கணவர் எழுந்துபோய்க் குளிர்பெட்டியைத் திறந்து பார்த்தார். கிறிஸ்துமஸுக்கு என் அக்கா அனுப்பிய கல்கல் ஒரு டப்பா, அச்சு முறுக்கு அரை டப்பா மேலே இருந்தது. உள்ளே ஒரு முழுக் கோழி. “இருக்கே” என்றார்.

காலையில் பிரியாணி வைத்தேன். எங்களோடு கடிதம் வாங்கிய ஐந்து பேரில் ஒருவர் சீனர், தனியாக இருப்பவர், இரண்டு புளோக் தள்ளித்தான் வீடு. அதுவரை ஒரு தடவைகூட அவரைக் கூப்பிட்டு விசாரித்ததில்லை. அடுக்குப் பாத்திரத்தில் பிரியாணியும் மேல் தட்டில் கல்கல்லும் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். கதவைத் திறந்தவர் அரைக்கால் சட்டையில், சவரம் செய்யாத முகத்தோடு நின்றார். பாத்திரத்தைப் பார்த்துவிட்டு, காரமா என்று கேட்டார். காரம்தான் என்றேன். உள்ளே வரச் சொன்னார்.